பனிமலையின் விலையும் பதினோரு பூச்சுப் பெயின்ட்டும்

கிள்ளானில் ஒரு பனிச்சறுக்கு விடுதி இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். இருந்தது. போர்ட் கிள்ளானுக்குப் போகும் சாலையில், கொள்கலன் லோரிகள் நாள் முழுக்கப் புழுதி கிளப்பும் இடத்தில், ஜன்னலே இல்லாத ஒரு நீளக் கட்டடம். பெயர் புக்கிட் சல்ஜி, மலாயில் பனிமலை. மலை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை அடித்து ஆறு மாடி உயரத்துக்கு எழுப்பிய ஒரு சரிவு. அதன்மேல் இயந்திரம் தூவிய பனி. ஒட்டினாற்போல் நாற்பது அறைகளோடு தங்கும் விடுதியும் உண்டு. வெளியே முப்பத்துநான்கு டிகிரி வெயிலில், சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் விற்பார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் மைனஸ் நான்கு.

அதை விற்க முடிவு செய்த முதலாளித் தரப்பு, விலை போடச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டது. நான் பிரகலாதன், சொத்து மதிப்பீட்டாளன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். முப்பத்திரண்டு வருடமாக அடுத்தவர் சொத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். விற்கிறவருக்கு நான் சொல்லும் விலை எப்போதும் குறைவு, வாங்குகிறவருக்கு எப்போதும் அதிகம். இரண்டு பக்கமும் திட்டு வாங்கி எனக்கும் வாய் நீண்டுவிட்டது, சந்தேகமும் கூடவே வளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற விருந்தாளியையும் சுவரில் விரிசல் தேடுகிற மாதிரி பார்க்கிறேன் என்று என் மனைவி குணபூசணி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பக்கிரிசாமி என்ற மனிதரைப் பற்றி. அவருக்கு நான் செய்த ஒரு பிழையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டுக்கு விலை போடுவது சுலபம். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பனிமலைக்குப் பக்கத்துப் பனிமலை எங்கே இருக்கிறது? விற்றுப்போன பனிமலை ஒன்றுகூட என் கைக்கு அகப்படவில்லை. இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, இந்தக் கட்டடத்தின் நெருங்கிய சொந்தக்காரன் யாரென்று தெரிந்தது. மீன் வைக்கிற குளிர்கிடங்கு. அதே தடித்த சுவர், அதே உயர்ந்த கூரை, அதே குளிரூட்டும் இயந்திரம். சரிவைப் பிரித்து எடுத்துவிட்டுத் தட்டுகளை அடுக்கினால் மீன் வைக்கலாம்.

வாங்க வந்தவர்களும் இரண்டு வகைதான். ஒரு பக்கம் பனிக்காரர்கள். அங்கேயே சறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மூன்று பயிற்றுநர்களும், அவர்களோடு சேர்ந்த ஒரு சுற்றுலாக் கம்பெனியும். அவர்கள் வாங்கினால் பனி அப்படியே இருக்கும். புரட்டிப் பார்த்தாலும் எங்கள் ஊர்ப் பணத்தில் முப்பது மில்லியன் வெள்ளிக்கு மேல் அவர்களால் ஏற முடியாது. இன்னொரு பக்கம் மீன்காரர்கள். உறைந்த மீனும் இறாலும் ஏற்றுமதி செய்கிற பெரிய கம்பெனி. அவர்களுக்குப் பணம் பிரச்சினையில்லை, நேரம்தான் பிரச்சினை. இயந்திரம் நன்றாக இருந்தால் உடனே தொழிலைத் தொடங்கலாம், நல்ல விலை கொடுப்பார்கள். இயந்திரம் கெட்டது என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆக, எல்லாம் இயந்திர அறையில் நின்ற இரண்டு கம்ப்ரெசர்களின் கையில் இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கார் அளவு இருக்கும்.

போன வருடம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் பார்வையிடப் போனேன். இயந்திரம் பார்க்கிற ஆள் அன்றைக்கு விடுமுறையில் இருந்தார். மேலாளர் பெண்மணிதான் கதவைத் திறந்துவிட்டார். திறந்த மாத்திரத்தில் மூக்கில் ஏறியது புதுப் பெயின்ட் வாசனை. இரண்டு கம்ப்ரெசரும் பளபளவென்று ஊதா நிறத்தில் நின்றன. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீழே நசுங்கிய எலுமிச்சம்பழம். பராமரிப்புப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். நிர்வாகம் மூன்று முறை கைமாறியதில் பழைய புத்தகங்களை யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றார்.

முப்பத்திரண்டு வருட அனுபவம் எனக்குள் குரல் கொடுத்தது. விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரில்தான் ஒழுகல் இருக்கும். விற்பனைக்கு வந்த இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ட் என்றால் உள்ளே துரு. அதோடு சாமியையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தனியாக ஒரு பொறியாளரை வைத்துச் சோதிக்கலாமா என்று முதலாளித் தரப்பிடம் கேட்டேன். கூடுதல் செலவு வேண்டாம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

முன்வரைவில் இப்படி எழுதினேன்: அண்மையில் அடிக்கப்பட்ட பெயின்ட் இயந்திரத்தின் உண்மையான நிலையை மறைக்கிறது, எஞ்சிய ஆயுள் இரண்டு வருடத்துக்கு மேல் இராது. சொத்தின் சந்தை மதிப்பு இருபத்தொன்பது மில்லியன் வெள்ளி.

முதலாளித் தரப்பு அந்தத் தாளை இரண்டு கட்சிக்கும் காட்டிவிட்டது. மீன்காரர்கள் விலகிக்கொண்டார்கள். பனிக்காரர்கள் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்களாம். மேலாளருக்கு மேலிடத்திலிருந்து திட்டு விழுந்தது. அவர் அதை அப்படியே கொண்டுவந்து, ஆட்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கையில், பெயின்ட் அடித்து ஏமாற்றப் பார்த்தாயா என்று ஓர் ஆள் தலையில் கொட்டினார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது அடுத்த வாரம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம், மாடிப்படியில் காலணிச் சத்தம். ஐம்பத்தேழு வயது இருக்கும். கட்டை குட்டையான உருவம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிய ஏதோ ஒன்று.

"சார், பிரகலாதன் சாருங்களா? நான் பக்கிரிசாமி. புக்கிட் சல்ஜில மெசின் பாக்குற ஆளு. கிள்ளான்லருந்து கொமுட்டர் ரயில்ல வரேன்."

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "மெசினு துரு புடிச்சிருக்கு, பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்கன்னு எழுதுனது நீங்கதானா?"

"துருன்னு எழுதல. புதுப் பெயின்ட் நிலைமையை மறைக்குதுன்னு எழுதினேன்."

"ரெண்டும் ஒன்னுதான லா, சார்."

ஒன்றுதான். அவர் பத்திரிகையைப் பிரித்து, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சில்லை என் மேசைமேல் வைத்தார். கம்ப்ரெசரின் அடிக்காலிலிருந்து கத்தியால் வெட்டி எடுத்த பெயின்ட் சில்லு. நல்ல தடிமன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரத்தைப் பார்த்தேன். ஊதா, அதற்குக் கீழே ஆரஞ்சு, அதற்குக் கீழே பச்சை, மஞ்சள், நீலம் என்று கோடு கோடாக இறங்கியது.

"கேக் லாப்பிஸ் மாரி அடுக்கடுக்கா இருக்குல்ல?" என்றார். "எண்ணிப் பாருங்க. பதினொன்னு இருக்கும். பனிமலை தொறந்து பதினோரு வருசம். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஒரு கோட்டு. விக்கப் போறாங்கன்னா அடிச்சேன்? பூசைக்கு அடிச்சேன். நீங்க வந்தது பூசை முடிஞ்ச மறுநாளு."

நான் எண்ணினேன். பதினொன்று இருந்தது.

"பொட்டு வெச்சிருந்ததப் பாத்தீங்கல்ல சார்?"

"பார்த்தேன்."

"எலுமிச்சம்பழம்?"

"அதையும் பார்த்தேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சார், நீங்க யாழ்ப்பாணமா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"ஆயுத பூசைக்கு மெசினுக்குப் பெயின்ட் அடிப்போம்னு தெரியாத தமிழன் இந்த ஊர்ல வேற யாரு சார்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவர் சொன்னது நியாயம். என் அப்பாவின் பெயர் வல்லிபுரம், இந்த ஊர் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் வீட்டில் அந்த நாள் சரஸ்வதி பூசை மட்டும்தான். புத்தகங்களை அடுக்கி வைப்போம், அப்பாவின் பேனாவை மேலே வைப்போம், மறுநாள்வரை படிக்க வேண்டாம் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். பேனாவுக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. அதே ரயில்வேயில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பட்டறை ஆட்கள் இயந்திரங்களைக் கழுவித் துடைத்துப் பூசி அலங்கரித்திருப்பார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு பெயின்ட் சில்லு வந்து எனக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கீழேயிருந்து தேநீர் வரவழைத்தேன். குடித்துக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். நான் கேட்டேன் என்பதால் சொன்னார், தானாக ஆரம்பிக்கவில்லை.

டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் குளிர்சாதனப் படிப்பு ஒன்றை ஆறு மாதம் படித்து, போர்ட் கிள்ளானில் ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருபத்தெட்டு வருடம். வேலை பிடித்திருந்தது, இயந்திரமும் பிடித்திருந்தது, மீன்தான் பிடிக்கவில்லை. கல்யாணமான மறுவாரமே மனைவி வள்ளியம்மா சட்டம் போட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு துண்டு சோப்பு. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்துவிடுவார். தேய்த்துக் குளித்து முடித்த பிறகுதான் வாசற்படி. மழை பெய்தாலும் அதே சட்டம்தான்.

"அதுல எனக்குக் கோவம் இல்ல சார். புள்ள விசயத்துலதான். எங்க வாணி சின்னதா இருக்கச்சே பள்ளிக்கூடத்துல கொண்டு விடுவேன். என்ன குளிச்சாலும் மோட்டார்சைக்கிள்ல அந்த வாடை இருக்கும். கூட்டாளிப் புள்ளைங்க மூக்கப் பொத்துவாங்க. அதுக்கப்புறம் அது முக்குலயே எறங்கிக்கும். எறங்கி நடந்து போகும்."

வாணி வளர்ந்து பெரியவளான பிறகுதான் புக்கிட் சல்ஜி திறந்தது. அமோனியா இயந்திரம் தெரிந்த ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்து ஓடினார். சம்பளம் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவு. யோசிக்கவே இல்லை என்றார்.

"அங்க நான் செஞ்ச வேலைதான் சார் இங்கயும். அதே மெசினு, அதே குளுரு. ஆனா கண்ணாடி வழியா பாத்தா புள்ளைங்க சிரிச்சிக்கிட்டே உருண்டு வருவாங்க. ஒரு பாட்டிம்மா தலையில டூடோங் போட்டுக்கிட்டு டியூப்ல உக்காந்து கத்திக்கிட்டே வந்துச்சு ஒரு நாளு. இருபத்தெட்டு வருசத்துல ஒரு மீனாச்சும் என்னப் பாத்துச் சிரிச்சிருக்குமா?"

வேலை கிடைத்த அன்றைக்கே வள்ளியம்மா பின்பக்கக் குழாயைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டார். வாசனையே இல்லாத புருஷன் கிடைத்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னாராம். வருடா வருடம் பூசைக்குப் பெயின்ட் நிறம் தேர்ந்தெடுக்கிற உரிமையும் அவருக்கே. இரும்புச் சாமான் கடையில் வண்ண அட்டையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்.

சில்லில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டிக் கேட்டேன், இது மட்டும் ஏன் இவ்வளவு மெல்லிசு என்று.

"அது எம்சிஓ வருசம் சார், கொரோனா ஊரடங்கு. கடை எல்லாம் சாத்து. வீட்டு கேட்டுக்கு அடிச்ச மிச்சம் இருந்துச்சு, அதத் தண்ணியாக் கலக்கி அடிச்சேன்." பனிமலை மூடிக் கிடந்த அந்த மாதங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நிறுத்திப் போட்டால் அச்சைச் சுற்றியிருக்கிற சீல் காய்ந்து வெடித்துவிடும். போலீஸ் தடுப்பில் காட்டக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் போய் ஒவ்வொரு கம்ப்ரெசரையும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளமும் கொடுக்கவில்லை. "பனி எல்லாம் கரைஞ்சு போச்சு சார். ஆனா மெசினு சாகல."

இந்த மனிதரைத்தான் துருவை மறைத்தவர் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

முன்வரைவில்தான் எழுதியிருக்கிறேன், இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பொறியாளரை வைத்துச் சோதித்துத் திருத்திவிடலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் அதன் மறுபக்கம் எனக்கு உறைத்தது. ஒரு மதிப்பீட்டாளன் இதையெல்லாம் வெளியாளிடம் பேசக் கூடாது. எனக்குத் தெரியும். பேசினேன்.

"பக்கிரிசாமி, நல்லா கேளுங்க. மெசின் கெட்டதுன்னு நான் எழுதினதாலதான் விலை இருபத்தொன்பதுல நிக்குது. அதனாலதான் பனிக்காரங்களால வாங்க முடியுது. மெசின் நல்லதுன்னு எழுதினா விலை முப்பத்தாறுக்குப் போயிடும். அவங்களால எட்ட முடியாது. மீன்காரங்க திரும்பி வந்திடுவாங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "சறுக்கச் சொல்லித்தர்ற கோச்சுங்க என்கிட்ட சொன்னாங்க சார். பழசெல்லாம் விடுங்கண்ணே, நீங்க எங்களோடயே இருங்கன்னு. புது மெசினு வாங்கப் போறாங்களாம்."

"அப்ப உங்களுக்கு வேலை இருக்கு. பனியும் இருக்கும்."

"இந்த மெசினு?"

"பழைய இரும்புக்குப் போகும்."

"மீன்காரங்க வந்தா?"

"மெசின் இருக்கும். அதை ஓட்ட உங்களையும் கூப்பிடுவாங்க. பனி இருக்காது."

கீழே தெருவில் பூக்கடைக்காரப் பெண் யாரிடமோ வாடிக்கைக் கணக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி அதைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் விட்டுவிடுங்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று நான் ஆசைப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முன்வரைவை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பும் பலவீனம் எனக்கு இருந்தது. எல்லோருக்கும் நல்லது, கெட்டுப்போவது ஒரு பழைய இரும்பின் பெயர் மட்டும்தானே என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

அவர் சில்லை எடுத்துப் பத்திரிகைத் தாளில் மடித்தார்.

"எழுதுங்க சார்."

"என்னன்னு?"

"உள்ளதத்தான். ஓடுற மெசினப் போயி செத்ததுன்னு எழுதி இரும்புக் கடைக்கு அனுப்புறதாவது. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் அதுக்குப் பொட்டு வெப்பேன்?"

எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மீனு நாறும். பழகுன நாத்தந்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கொமுட்டருக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு சாக்கும் சொன்னார். கொமுட்டர் அரை மணிக்கு ஒரு தடவை வரும் என்று எனக்குத் தெரியும்.

பொறியாளருக்கான செலவை நானே ஏற்றுக்கொண்டேன். செந்தூலிலிருந்து குரு என்ற இளைஞரைக் கூட்டிப் போனேன். பனிமலைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எண்ணெயை எடுத்துச் சோதித்தார், அதிர்வைப் பார்த்தார், மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பக்கிரிசாமி பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அங்கிள், இது பதினோரு வருச மெசின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் குரு. "இன்னும் பத்து வருசம் தாராளமா ஓடும். எவ்வளவு வரைக்கும் இறக்கலாம்?"

நான் பக்கிரிசாமியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பனிக்கு மைனஸ் ஐந்து போதும். மீனுக்குத்தான் மைனஸ் இருபது வேண்டும். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் விலை கொஞ்சம் கீழேயே நிற்கும். அவர் என் கண்ணைப் பார்த்தார், புரிந்தும் கொண்டார். பிறகு திரும்பி வால்வைத் திருகப் போய்விட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுவர் வெப்பமானியில் எண் மைனஸ் இருபதைத் தொட்டது. அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அந்தப் பெருமையைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

அறிக்கையைத் திருத்தினேன். இயந்திரத்தின் நிலை: மிக நன்று. தொடர்ந்து பராமரிக்கப்பட்டதற்குச் சான்று உண்டு. முன்வரைவில் கூறியது மதிப்பீட்டாளரின் தவறு. மதிப்பு முப்பத்தாறு மில்லியன் வெள்ளி. அந்த மூன்றாவது வரியை எழுத வேண்டியதில்லை என்று என் அலுவலகத்துப் பெண் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து மேலாளரிடம் கொடுத்து, முன்பு யார் யார் முன்னால் திட்டினாரோ அவர்கள் முன்னாலேயே படிக்கச் சொன்னேன். படித்தார். நல்ல பெண்மணிதான், பக்கிரிசாமியிடம் மன்னிப்பும் கேட்டார்.

மூன்று மாதத்தில் மீன்காரர்கள் வாங்கிவிட்டார்கள்.

கடைசி நாளில் வேலையாட்களின் குடும்பத்தை இலவசமாக உள்ளே விட்டார்கள். நானும் குணபூசணியும் போயிருந்தோம். வாணி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். வள்ளியம்மா சேலைக்கு மேல் வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இதென்ன குளிரா என்கிற மாதிரி நின்றார். பதினோரு வருடத்தில் பக்கிரிசாமி ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லையாம். பேரப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போய் டியூபில் உட்கார வைத்தார்கள். ஆறு மாடி உயரத்திலிருந்து சத்தமே போடாமல் வந்தார். கீழே வந்ததும் எழுந்து, குல்லாவில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு, "சரிவுல மூணாவது பலகை தூக்கியிருக்கு" என்றார். மறுநாள் பிரிக்கப்போகிற சரிவு. பயிற்றுநர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த வருட ஆயுத பூசைக்குப் பக்கிரிசாமியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போனேன். வாசலில் பெயர்ப்பலகை மாறியிருந்தது. சரிவு நின்ற இடத்தில் கூரைவரை தட்டுகள், அதில் பெட்டி பெட்டியாக மீன். வாடை கதவைத் தாண்டி வந்து வரவேற்றது. இயந்திர அறையில் இரண்டு கம்ப்ரெசரும் வெள்ளை நிறத்தில் நின்றன. பன்னிரண்டாவது பூச்சு. அந்த நிறத்தை அதுவரை வாங்கியதில்லையாம். எங்கே பார்த்தாலும் வெள்ளையாக இருந்த இடத்தில் அது எதற்கு என்று வள்ளியம்மா தவிர்த்து வந்திருக்கிறார். சாமி படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், என் அறிக்கையின் அந்த ஒரு பக்கம். அதன் மூலையிலும் சந்தனப் பொட்டு இருந்தது. என் எழுத்துக்கு யாரும் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. பொரியும் கடலையும் கையில் வாங்கிக்கொண்டு அதை இன்னொரு முறை படித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லிப் பக்கிரிசாமி வற்புறுத்தினார். தாமானில், அதாவது குடியிருப்பில், கடைசி வரிசையில் சின்ன வீடு. நான் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு வாசற்படி ஏறவில்லை. சுவரோரமாகப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

வள்ளியம்மா கையில் நறுக்கிய எலுமிச்சம்பழத்தோடு சமையலறையிலிருந்து வந்தார். "உக்காருங்க சார், அவரு வர கொஞ்ச நேரம் ஆவும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "கொழாயில கட்டி வெச்ச கயிறு இத்துப் போயி அதுவே அறுந்துருச்சு சார். நான் அவுக்கல" என்றார்.

வள்ளியம்மா பின்பக்கம் போய் நின்றுகொண்டார். இலை போட்டாயிற்று, சோறு ஆறிக்கொண்டிருந்தது. குழாய்ச் சத்தம் நிற்கும்வரை நானும் உட்காரவில்லை.